கை மாறும் இடத்தில்தான் பிள்ளை தொலைகிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி பிறந்தால் பெரியபாளையம், ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணி, மாசியில் திருவொற்றியூர் தேர், காணும் பொங்கலுக்கு மெரினா, முழுப் பரீட்சை லீவில் வண்டலூர் என்று வடசென்னைக் குடும்பங்கள் பிள்ளை குட்டியோடு கிளம்புவதற்கு வருஷம் முழுக்க ஒரு கணக்கு இருக்கிறது. போகிற இடத்தில் எல்லாம் ஒலிபெருக்கியில் அந்த அறிவிப்பும் வருகிறது: "நாலு வயசுப் பையன், பேர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் உடனே வரவும்." முக்கால்வாசிப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் கடலும் தண்டவாளமும் வண்டி ஓடும் ரோடும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. அதனால் சில விஷயங்களை விவரமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கூட்டத்தின் நட்டநடுவில் பிள்ளை தொலைவது குறைவு. அங்கே எல்லோருக்கும் பயம் இருக்கும், கையை இறுக்கிப் பிடித்திருப்பார்கள். தொலைவது, இனி பயமில்லை என்று கை தளரும் இடத்தில். வேனிலிருந்து மூட்டை இறக்கும்போது, கோயில் வாசலில் செருப்பு விடும்போது, டிக்கெட் கவுன்டரில் சில்லறை எடுக்கும்போது, கடலில் நனைந்த துணியை மாற்றும்போது. ராட்டினத்தில் ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி இன்னொன்று. ஏற்றிவிட்ட இடத்திலேயே அப்பா நின்றுகொண்டிருப்பார், பிள்ளை மறுபக்கம் இறங்கி நடக்கத் தொடங்கியிருக்கும். தரிசன வரிசை இலவசம், கட்டணம் என்று பிரியும் இடமும் இப்படித்தான்.

மெட்ரோ ஸ்டேஷன் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பையை ஸ்கேனரில் வைக்கக் குனிகிறார். அம்மா பெண்கள் பக்கத்துத் திரைக்குள் போகிறார். பிள்ளையை யாரும் சோதிப்பதில்லை, அது நேராக நடந்து மறுபக்கம் போய் நிற்கிறது. நகரும் படிக்கட்டு அங்கிருந்து சில எட்டுதான். அம்மா அப்பாவோடு போயிருக்கும் என்று நினைக்கிறார், அப்பா அம்மாவோடு என்று நினைக்கிறார். இதற்கு மருந்து எளிது: பெரியவர் ஒருவர் முதலில் சோதனை முடித்து மறுபக்கம் போய் நிற்க வேண்டும். பிறகு பிள்ளை. கடைசியில் மற்றவர்.

"நீ பார்த்துக்கிட்டிருப்பேன்னு நினைச்சேன்" என்பதுதான் தொலைந்த பிறகு எல்லா வீட்டிலும் கேட்கும் வார்த்தை. பத்துப் பெரியவர்கள் போகிற பயணத்தில் ஆபத்து கூடத்தான் செய்யும். பத்துப் பேரும் பார்ப்பார்கள் என்று பத்துப் பேரும் விட்டுவிடுவார்கள். ஆறு வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மாற்றும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "பாப்பாவை உன்கிட்ட விடுறேன்." எதிராளி "சரி, எங்கிட்ட இருக்கா" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் கையை விடலாம். தலையாட்டினால் போதாது, இரைச்சலில் தலையாட்டல் எதற்கும் பொருந்தும். பொறுப்பில் இருக்கும் ஒரு மணி நேரம் செல்ஃபியும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். பாட்டியிடம் விடுவதென்றால் பாட்டியால் ஓட முடியுமா என்று யோசித்து விடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை ஓட ஆரம்பித்தால் முழங்கால் வலிக்காரரால் பிடிக்க முடியாது.

கும்மிடிப்பூண்டி தடத்திலோ தாம்பரம் தடத்திலோ மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு இன்னொன்று. ரயில் நிற்பது சில விநாடிகள், பெரும்பாலான பெட்டிகளில் கதவு மூடுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் பெரியவர், பிள்ளை, பெரியவர் என்ற வரிசை மாறக் கூடாது. தனியாகப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர் மூட்டையை முதலில் ஏற்றும் பழக்கத்தை விட வேண்டும்; மூட்டை போனால் போகட்டும். பிள்ளை ரயிலிலும் நீங்கள் பிளாட்பாரத்திலும் ஆகிவிட்டால், ஓடி ஏறப் பார்க்காதீர்கள். ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்து எந்தத் திசையில் போகும் ரயில், முன்பக்கமா பின்பக்கமா, எத்தனையாவது பெட்டி, என்ன நிறச் சட்டை என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லித் தந்திருக்க வேண்டியது: "அடுத்த ஸ்டேஷனில் பக்கத்தில் இருக்கிற அக்காவோடு இறங்கி, இறங்கின இடத்திலேயே நில்." பிள்ளை பிளாட்பாரத்தில் தங்கி நீங்கள் ரயிலில் போய்விட்டால், பிள்ளை அதே பெஞ்சில் உட்கார வேண்டும், நீங்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்ப வேண்டும். மெட்ரோவில் கதவுக்குப் பக்கத்தில் ஓட்டுநரோடு பேசும் அவசர பொத்தான் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு ஒருமுறை காட்டி வையுங்கள்.

இனி, போன் நம்பர். பிள்ளையின் உடம்பில் நம்பர் இல்லாமல் வாசல்படி தாண்டக் கூடாது. பால்பாயின்ட் பேனாவால் உள்ளங்கையில் எழுதுவது வீண்: வேர்வையில் அரை மணியில் போய்விடும், பிள்ளை வாயில் வேறு வைக்கும். முழங்கைக்குக் கீழே உட்பக்கம், அழியாத மார்க்கரால் எழுதுங்கள். காலையில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் மை ஒட்டாது. அந்த இடத்தை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு எழுதி, 2 நிமிஷம் காயவிடுங்கள். கடலில் இறங்கினால் மறுபடி எழுத வேண்டியிருக்கும், மார்க்கரைப் பையிலேயே வைத்திருங்கள்.

இதைவிட நல்லது நம் வீட்டிலேயே இருக்கிறது: அரைஞாண் கயிறு. எவர்சில்வர் பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தரும் மிஷினில், ஒரு ரூபாய்க் காசு அளவுள்ள சிறு எவர்சில்வர் வில்லையில் இரண்டு போன் நம்பர்களை வெட்டித் தரச் சொல்லுங்கள். ஓரத்தை அரம் போட்டு மழுங்கடித்து, கயிற்றில் கோத்து, சட்டைக்குள் போகும்படி கட்டிவிட்டால் தண்ணீரோ வேர்வையோ ஒன்றும் செய்யாது, சட்டை மாறினாலும் வில்லை உடம்போடு இருக்கும். கழுத்தில் தொங்கவிட வேண்டாம். ராட்டினத்திலோ கம்பியிலோ மாட்டிக் கழுத்தை இறுக்கும். வில்லை வெளியே தெரியாததால், கையில் ஒரு பட்டையும் இருப்பது நல்லது. லேமினேட் செய்த அட்டை வேண்டாம், ஓரம் பிரிந்து தண்ணீர் புகுந்து எழுத்து கரையும். வெள்ளை நாடாத் துணியில் மார்க்கரால் எழுதி இஸ்திரி போட்டால் நிற்கிறது. வெளியே தெரிகிற எதிலும் பிள்ளையின் பெயரை எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைப் பிள்ளை சொந்தக்காரர் என்று நம்பிவிடும்.

கியூஆர் கோடு பட்டை விற்கிறார்கள். காணும் பொங்கல் கூட்டத்தில் நெட் கிடைக்காது. பெரிதாக எழுதிய பத்து எண்களை யாரும் படித்துவிடலாம். புளூடூத் வில்லை, பக்கத்தில் அதற்கு ஒத்துவரும் வேறு போன் போனால்தான் இடம் காட்டும், அதுவும் தாமதமாக. சிம் போட்ட வாட்ச் உதவும், ஆனால் டவர் திணறும் இடத்தில் அதை மட்டும் நம்ப முடியாது.

நம்பர் எழுதிவிட்டால் போதாது, அந்த போனை யாராவது எடுக்க வேண்டும். இரண்டு நம்பரில் ஒன்று கூட வருகிறவருடையது, இன்னொன்று வீட்டில் இருப்பவருடையது. கூட வருகிறவர் போனைத் துணிப் பையின் அடியில் போடாமல், அதிர்வையும் சத்தத்தையும் கூட்டி சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளட்டும். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை மௌனமாக்கும் வசதியை அன்றைக்கு அணைத்து வையுங்கள். பிள்ளையைக் கண்டுபிடித்தவர் கூப்பிடுவது தெரியாத எண்ணிலிருந்துதான். லோன் கம்பெனிக்காரன் என்று நினைத்து அதைத் துண்டித்துவிடக் கூடாது.

சட்டை நிறத்தைப் போகிற இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பளிச்சென்ற மஞ்சள் எங்கும் தெரியும் என்பார்கள். ஆடி ஞாயிறன்று பெரியபாளையத்தில் மஞ்சள் கட்டாதவர் யார்? அங்கே பச்சையும் வேப்பிலையோடு கலந்துவிடும், ஊதாவோ வெள்ளையோ போடலாம். மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உதவாது. மாலையில் கடற்கரைக்குக் கருநீலமும் கறுப்பும் கூடவே கூடாது, ஆரஞ்சு நல்லது. கிளம்பும் முன் செருப்போடு சேர்த்து முழு உருவம் தெரியும்படி பிள்ளையை ஒரு போட்டோ எடுத்து, கூட வருகிற எல்லோர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். தொலைந்த பிறகு சட்டை என்ன நிறம் என்று கேட்டால் பெற்ற தாய்க்கே நினைவு வராது. காதிலும் கழுத்திலும் தங்கம் வேண்டாம்.

இவ்வளவும் பெரியவர்கள் செய்வது. பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நிற்பது. "எங்களைக் காணோம்னா நீ தேடாதே, நாங்கதான் தேடி வருவோம், நின்ன இடத்துலயே நில்லு." மூன்று வயதிலேயே இது புரியும், ஆனால் சொன்னால் மட்டும் படியாது. வீட்டுக்குள், பிறகு எம்.சி. ரோட்டுக் கடை வாசலில், விளையாட்டாகப் பழக்குங்கள். நடந்துகொண்டே "காணோம்!" என்றால் பிள்ளை சிலை மாதிரி நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு "உழைப்பாளர் சிலைக்கிட்ட வந்துடு" என்று சந்திக்கும் இடம் சொல்வதில் பயனில்லை. ஒருமுறை மணலில் உட்கார்ந்து பாருங்கள். 3 அடி உயரத்தில் சிலை தெரியாது. தெரிவதெல்லாம் புடவை மடிப்பும் முதுகும் கைப்பையும்தான். சந்திக்கும் இடம் ஏழு, எட்டு வயதுக்கு மேல்தான்.

கூட்டத்தில் "அம்மா" என்று கத்தினால் நாலு பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தம் பிள்ளை இல்லை என்று திரும்பிக்கொள்வார்கள். அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தச் சொல்லிக் கொடுங்கள்: "செல்வி அம்மா!" அது மரியாதைக் குறைவு ஆகாது. அப்பா பெயரும் வேண்டும். பல பிள்ளைகளுக்கு ஸ்கூலில் பதிந்த தம் பெயரே தெரியாது, "பப்பு" என்றோ "குட்டிமா" என்றோ சொல்லும். புகார் கொடுக்கும்போது இரண்டு பெயரையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பப்புவும் ஆதார் அட்டையில் இருக்கும் பையனும் வேறு வேறு பிள்ளையாகிவிடுவார்கள். போன் நம்பரை ஐந்து ஐந்து எண்ணாகப் பிரித்து மெட்டுப் போட்டுக் குளிக்கும்போது தினமும் பாடினால் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சில வாரத்தில் வந்துவிடும். நம்பர் மாற்றினால் பாட்டையும் மாற்றுங்கள்.

ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சோறு தின்னாத பிள்ளையிடம் "போலீஸ் மாமா புடிச்சுட்டுப் போயிடுவாரு", "பூச்சாண்டி வருவான்" என்று சொல்லி வளர்க்கிறோம். தொலைந்த அன்று அதே போலீஸ் மாமா கிட்டே வந்தால் பிள்ளை ஒளிந்துகொள்ளாமல் என்ன செய்யும்? ஐஸ் வண்டிக்கு அடியிலும் கரையில் ஏற்றி வைத்த படகுக்குப் பின்னாலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், தேடுகிறவர் காலடியிலேயே. "யார்கிட்டயும் பேசாதே" என்பதும் அதே வேலையைத்தான் செய்யும். யாரிடம் பேசலாம் என்று காட்டிக் கொடுங்கள்: காக்கிச் சட்டை அக்கா, கடைக்குள் கல்லாவில் இருப்பவர், கையில் குழந்தை வைத்திருக்கும் அம்மா. அவர்களிடமும் உதவி கேட்கலாம், அவர்களோடு எங்கும் போகக் கூடாது.

பெரியபாளையத்தில் சனிக்கிழமை ராத்திரி மரத்தடியில் தங்குகிறவர்கள் பிள்ளையை நடுவில் படுக்க வையுங்கள். விடியற்காலையில் ஒன்றுக்கு என்று எழுந்து இருட்டில் நடந்துவிடும். வெள்ளிக் கொலுசுக்குப் பதில் காலில் ஒரு பித்தளைச் சலங்கை கட்டினால் எழுந்த சத்தம் கேட்கும். தேர் வடம் இழுக்கும் கூட்டத்தில் துப்பட்டாவால் கையோடு கை கட்டாதீர்கள். ஒருவர் விழுந்தால் இன்னொருவரையும் இழுத்து விழ வைக்கும். அங்கே பிள்ளை இருக்க வேண்டிய இடம் இடுப்பு அல்லது தோள், அதுவும் சக்கரத்திலிருந்து விலகி.

மீறித் தொலைந்துவிட்டால், எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் முதல் தவறு. கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். பிள்ளை திரும்பி வந்தால் அங்கேதான் வரும். இன்னொருவர் வந்த வழியே திரும்பிப் போகட்டும், பிள்ளையை இழுத்தது வழியில் பார்த்த பலூனோ சோன்பப்டியோவாக இருக்கலாம். மூன்றாமவர் ஆபத்து இருக்கும் பக்கம்: கடற்கரை என்றால் முதலில் தண்ணீர், ஸ்டேஷன் என்றால் தண்டவாளம், கோயில் என்றால் குளம். நாலாமவர் மைக் இருக்கும் போலீஸ் கூடாரத்துக்கு. பெயரை மட்டும் கத்தினால் உங்களுக்கு மட்டும்தான் புரியும். "ஆரஞ்சுச் சட்டை, நாலு வயசுப் பையன், காணோம்!" என்று கத்தினால் சுற்றி இருக்கும் ஐம்பது பேர் தேடுவார்கள். இரண்டு, மூன்று நிமிஷத்தில் கிடைக்காவிட்டால் அவசர உதவி எண் 112-க்கு அழையுங்கள். போன் பேசிக்கொண்டே சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அழ வேண்டாம், லைன் காலியாக இருக்கட்டும். அழைப்பு போகாத கூட்டத்தில் சில சமயம் எஸ்எம்எஸ் போகும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியிருக்கும் கரையில் தேடுகிறவர்கள், கல் மேல் நின்று பார்த்தால் போதாது. பாறை இடுக்கில் நிற்கும் பிள்ளை பத்தடி தள்ளி நின்றால்கூடத் தெரியாது. ஒவ்வொரு இடுக்காகக் குனிந்து பார்க்க வேண்டும், கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவின் இரண்டு பக்கமும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள் பெயர் சொன்னால் திரும்ப மாட்டார்கள், தண்ணீரைக் கண்டால் அதை நோக்கிப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் வில்லையில் நம்பரோடு "பேச வராது" என்றும் வெட்டுங்கள்.

"24 மணி நேரம் பார்த்துட்டு வாங்க" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். காணாமல் போன பிள்ளை பற்றிய புகாரில் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எந்த ஸ்டேஷன் எல்லை என்ற கேள்வியும் தடையாகாது; 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆம் பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பெற்றாக வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ் எடுத்த ஆதாரில் கைரேகை கிடையாது. ஐந்து வயது முடிந்ததும் கைரேகையைப் பதிந்துவிடுங்கள். பேசத் தெரியாத பிள்ளைகள் பலர் வருஷம் கழித்துக்கூட அந்த ரேகையால் வீடு சேர்ந்திருக்கிறார்கள்.

அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்க்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். பலர் கிட்டே போகவே பயப்படுகிறார்கள், அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. 2018 மே மாதம் வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பழவேற்காட்டில் ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றார்கள். அதனால் தனியாகச் செய்யாமல் பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி நில்லுங்கள். பிள்ளையை அந்த இடத்தை விட்டு நகர்த்தாதீர்கள். உட்கார்ந்து கண்ணுக்கு நேராகப் பேசி, "யார்கூட வந்தே?" என்று கேளுங்கள், கையிலும் அரைஞாண் கயிற்றிலும் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. கண்டெடுத்த பிள்ளையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், தராவிட்டால் தண்டனை உண்டு. "பாவம், நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்பது நல்ல மனசுதான், ஆனால் செய்யக் கூடாது. போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதும் கூடாது. பிள்ளை வீடு சேர்ந்து வருஷம் ஆன பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசார் பிள்ளைகள் கையில் நம்பர் எழுதிய பட்டை கட்டுவது மிக நல்ல வேலை. ஆனால் பஸ்ஸிலும் ரயிலிலும் நெரிசல் பட்டு, மணலில் பாதி தூரம் நடந்த பிறகுதான் அந்தப் பட்டை கிடைக்கிறது. அதை விம்கோ நகர், திருவொற்றியூர் தேரடி மெட்ரோ ஸ்டேஷன்களிலும், வள்ளலார் நகர், தண்டையார்பேட்டை பஸ் நிலையங்களிலும் காலை 9 மணியிலிருந்தே கட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையத்துக்கு வேன் கிளம்பும் இடங்களிலும் அதே ஏற்பாடு வேண்டும். இன்னொன்று: ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் பெற்றோர் பெயரையும் சட்டை நிறத்தையும் மட்டும் அறிவித்து, வந்து கேட்பவரிடம் பெயரைக் கேட்டுச் சரிபார்க்கச் சொல்லிக் காவல்துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.